டீசல் வண்டியின் புகை ஃபில்டரை, அதாவது டி.பி.எஃப்.பைக் கழற்றினவர்கள், கழற்றாதவர்கள்: உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்

ஒட்டன்சத்திரம், காய்கறி லோடு

பி.எஸ்.6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசல் பிக்கப், 2021 மாடல். 1,14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ராத்திரி ஏற்றி, விடிவதற்குள் பாலக்காட்டில் இறக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் இதுதான் பிழைப்பு.

போன மாதம் தக்காளியோடு மடத்துக்குளம் தாண்டினதும் மீட்டரில் மஞ்சள் லைட். அதோடு வண்டி செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் 40க்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டின. நான் போய்ச் சேரும்போது வியாபாரம் முடிந்து, மண்டியைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தேன்.

சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, புகையில் வருகிற கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். அடைத்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று 92,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில், "உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு, இ.ஜி.ஆரையும் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடுகிற வால்வு) அடைத்து, அது இல்லாதது வண்டிக்குத் தெரியாத மாதிரி சாஃப்ட்வேரில் எழுதிவிடுகிறேன். 20,000 போதும். அந்த லைட் ஜென்மத்துக்கும் வராது" என்கிறார். எனக்கு இன்னும் 11 டியூ பாக்கி. செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி, இளநீர் லோடு

நான் செய்தவன். 2022 கடைசியில், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று) எடுத்த கையோடு. முதல் மாதம் ராஜா மாதிரி இருந்தது. வால்பாறை ஏற்றத்தில் முன்பு திணறிய இடத்தில் ஒரு கியர் கூடுதலில் ஏறினது. மைலேஜும் லிட்டருக்கு ஒன்று கூடினது. இதை மறைத்துப் பேசினால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பின்பக்கத் தார்ப்பாய் கறுத்துப்போனது. காலையில் வாசலில் ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டு அம்மா சட்டென்று ஜன்னலைச் சாத்துவார். என் பழைய பி.எஸ்.3 வண்டிகூட இவ்வளவு புகை விட்டதில்லை. சாஃப்ட்வேர் எழுதின தம்பி, இழுவை கூட வேண்டும் என்று டீசலை அள்ளி ஊற்றுகிற மாதிரி எழுதியிருக்கிறார். ஒரு வருஷத்தில் கிளட்ச் போனது. அடுத்த இரண்டாவது மாதம் டர்போ. இதெல்லாம் அவர் வேலையால்தான் போனது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால் போகவில்லை.

2024இல் மறுபடி எஃப்.சி. பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார், ஒரு தடவை மிதிக்கச் சொன்னார், ஓரமாக நிறுத்தச் சொன்னார். எஃப்.சி. கிடையாது, அவ்வளவுதான் பேச்சு. சரி, பழையதையே மாட்டிவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பொருள் இல்லை. உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் இருக்கும் அல்லவா, அதை அன்றைக்கே பழைய இரும்புக்காரருக்குப் போட்டாகிவிட்டதாம். அதில் பிளாட்டினம் பூச்சு உண்டு, அதற்காகவே தேடி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. கூலியையும் கொடுத்து, பொருளையும் கொடுத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். பழைய சாஃப்ட்வேர் ஃபைலையும் அவர் எடுத்து வைக்கவில்லை. எல்லாவற்றையும் பழையபடி ஆக்குவதற்குள் புது டி.பி.எஃப். விலையைத் தாண்டிவிட்டது செலவு.

தூத்துக்குடி, மீன் லோடு

எல்லாரும் சும்மா பயமுறுத்தாதீர்கள். நான் டி.பி.எஃப்.பைத் தொடவில்லை, இ.ஜி.ஆர். மட்டும் அடைத்தேன். மூன்று வருஷம் ஆகிறது. என்ஜினுக்குக் காற்று போகிற இன்டேக்கைக் கழற்றினால் தார் அப்பின மாதிரி கரி இருக்குமே, அது இப்போது இல்லை. புகை சர்டிபிகேட் எடுக்கப் போனால் பாஸ். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

அம்பத்தூர், பார்சல் டெலிவரி

என் கதை வேறு மாதிரி. வண்டியைக் கெடுத்ததே நான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எடுத்து அண்ணா நகர், முகப்பேர், கொரட்டூர் என்று போடுவேன். ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்ததற்கும் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. எட்டு மாதத்தில் மூன்று தடவை அந்த லைட். ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டரில் லேப்டாப்பை மாட்டி, வண்டியை நிறுத்திவைத்தே அரை மணி நேரம் உறுமவிட்டு அனுப்புவார்கள். மூன்றாவது தடவை அங்கிருந்த ஒரு வயசான ஃபோர்மேன்தான் கேட்டார்: "தம்பி, வண்டி நின்ற பிறகும் ஃபேன் ஓடுதா?"

ஓடும். பல நாள் ஓடியிருக்கிறது. ஐடிலிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும், அடியில் இரும்பு காய்கிற மாதிரி ஒரு வாசனை வரும். ஏதோ சூடு என்று நினைத்துச் சாவியைத் திருப்பி ஆஃப் செய்துவிட்டுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிடுவேன். அதுதான் ரீஜென் நடக்கிற நேரம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். அடைத்த கரியை எரிக்க வண்டி தானாகக் கூடுதல் டீசல் விட்டு உள்ளே 600 டிகிரி வரை சூடேற்றுகிறது. நான் ஒவ்வொரு தடவையும் பாதியில் அணைத்திருக்கிறேன்.

அதைவிடப் பயங்கரம் அடுத்து நடந்தது. அவர் ஆயில் கேஜை உருவிக் காட்டினார். அளவு மேல்கோட்டுக்கும் மேலே இருந்தது. ஆயில் எப்படி ஏறும்? முகர்ந்து பார்க்கச் சொன்னார். டீசல் வாசனை. எரியாத டீசல் பிஸ்டனைத் தாண்டி வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பேரிங் போயிருக்கும் என்றார்.

இப்போது வாரம் ஒரு நாள் டெலிவரி முடிந்ததும் வண்டலூர் பைபாஸில் ஏறி, 60க்குக் குறையாமல் இருபது நிமிஷம் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். டீசல் செலவுதான். ஆனால் லைட் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நாமக்கல், மெக்கானிக்

தூத்துக்குடி அண்ணாச்சிக்கு முதலில். புகை டெஸ்டில் பாஸ் ஆனது பெரிய விஷயம் இல்லை. டீசல் வண்டிக்கு அவர்கள் பார்ப்பது புகை எவ்வளவு கறுப்பு என்பதை மட்டும்தான். இ.ஜி.ஆரை அடைத்தால் கரி குறையத்தான் செய்யும். ஆனால் உள்ளே எரிகிற சூடு ஏறி, நைட்ரஜன் ஆக்சைடு கூடும். அது கண்ணுக்குத் தெரியாது. அந்த மெஷினுக்கும் தெரியாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4): அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 190(2)இல் காற்று மாசுக்குத் தனியாக 10,000 வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது. ரோட்டில் எத்தனை பேரைப் பிடிக்கிறார்கள் என்று கேட்காதீர்கள், நானும் பார்த்ததில்லை.

நானே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவன்தான். விட்டதற்குக் காரணம் சட்டம் இல்லை. டி.பி.எஃப்.பை எடுத்து அனுப்பின வண்டிகள் ஆறு மாதத்தில் வேறு கோளாறோடு திரும்பி வந்தன. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகுகிற வண்டி, டர்போவில் ஆயில் கசிகிற வண்டி. அந்தக் கரிதான் முதலில் ஃபில்டரில் போய் அடைத்து லைட்டைப் போட்டிருக்கிறது. நான் நோயை விட்டுவிட்டுத் தெர்மாமீட்டரை உடைத்திருக்கிறேன்.

ஒட்டன்சத்திரம் தம்பி, நீங்கள் ஓடுவது முழுக்க ஹைவே. லோடோடு மணிக்கணக்கில் ஓடுகிற வண்டியில் கரி தானாகவே எரிந்துபோகணும். உங்களுக்கு ஏன் அடைத்தது என்று யாராவது பார்த்தார்களா? விறகு அடுப்பு மாதிரிதான் இது. கரி மறுபடி எரியும். சாம்பல் எரியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். ஃபில்டரில் சேருகிற சாம்பல் பெரும்பாலும் என்ஜின் ஆயிலிலிருந்து வருவது. அதனால்தான் இந்த வண்டிகளுக்கு சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று மேனுவலில் போட்டிருக்கிறார்கள். என்ன ஆயில் ஊற்றுகிறீர்கள்? ஃபில்டருக்கு முன்னும் பின்னும் பிரஷரைப் பார்க்கிற சென்சாருக்கு இரண்டு சின்ன டியூப் போகும். அதில் ஒன்று வெடித்திருந்தாலும் வண்டி தப்புக் கணக்குப் போடும். அதைப் பார்த்தார்களா?

ஹூஸ்டன்

ஊர் பரமக்குடி, இருப்பது டெக்சாஸ். இங்கே டீசல் பிக்கப் என்றால் வீட்டு வண்டி. எங்கள் மாநிலத்தில் டீசலுக்குப் புகைப் பரிசோதனையே கிடையாது, ஆனாலும் மத்தியச் சட்டப்படி இதைக் கழற்றக் கூடாது. கழற்றாமலா இருக்கிறார்கள்? பத்து வருஷத்தில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் கழற்றியிருப்பார்கள் என்று இங்கத்திய சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ. 2020இல் கணக்குச் சொன்னது. நான் செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கப் போய், குனிந்து அடியில் பார்த்தேன். பம்பர் வரைக்கும் ஒரே நேர்க்குழாய். விற்கிறவர் அதை "அப்கிரேடு" என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

உதகை, கேரட் லோடு

யாரும் யூரியாவைப் பற்றி, அதாவது புகையில் இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க ஊற்றுகிற திரவத்தைப் பற்றிப் பேசவில்லையே. என்னுடையது கொஞ்சம் பெரிய வண்டி, தனி டேங்க் உண்டு. ஒரு நாள் பங்கில் ஸ்டாக் இல்லை. எங்கள் டிரைவர் புத்திசாலி. வீட்டில் தோட்டத்துக்கு வைத்திருந்த யூரியா மூட்டையிலிருந்து இரண்டு படி எடுத்து, குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டார். வண்டிக்கு ஊற்றுகிற திரவத்தில் யூரியா சரியாக 32.5 சதவீதம், மிச்சம் தாதுக்கள் நீக்கிய சுத்தத் தண்ணீர். வயலுக்குப் போடுகிற யூரியாவில் வேப்பெண்ணெய் பூச்சு வேறு இருக்கிறது. நாலே நாளில் நாசில் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. பம்பும் போனது. பில்லைப் பார்த்த டிரைவர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை.

ஒட்டன்சத்திரம், காய்கறி லோடு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நாமக்கல் அண்ணன் கேட்ட கேள்விக்கு மட்டும் முதலில் பதில்: லோக்கல் ஆயில்தான், அண்ணா. ஃப்ரீ சர்வீஸ் முடிந்ததிலிருந்து வெளியேதான் ஆயில் மாற்றினேன். டின் ஒன்றுக்கு 700 ரூபாய் மிச்சம் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இங்கேயிருந்து காலி வண்டியோடு நாமக்கல்லுக்கே போனேன். மூன்றாவது இன்ஜெக்டர் ஒழுகல். பிரஷர் டியூப் ஒன்றில் மயிரிழை மாதிரி வெடிப்பு. விரலால் வளைத்தால்தான் தெரிந்தது, சும்மா பார்த்தால் புதுசு மாதிரி இருந்தது. ஃபில்டரைக் கழற்றி, அதற்கென்று மெஷின் வைத்திருக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து காற்றடித்தபோது வந்ததைப் பையில் பிடித்துக் காட்டினார்கள். சிமெண்ட் மாதிரி சாம்பல் நிறத் தூள், முக்கால் டம்ளர் இருக்கும். இன்ஜெக்டர், டியூப், கிளீனிங், சரியான ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 31,500. அந்த 20,000 ரூபாய்க்காரர் போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்டார். டியூ கட்டிவிட்டேன், கையில் காசில்லை என்று சொல்லிவிட்டேன்.

கிளீன் செய்தது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று அண்ணனும் அடித்துச் சொல்லவில்லை. இதுவரை 3,800 கிலோமீட்டர், லைட் வரவில்லை. நேற்று விடியற்காலை திரும்பி வரும்போது உடுமலையில் டீக்கடையில் நிறுத்தினேன். சாவியில் கை வைக்கும்போதுதான் கவனித்தேன், ஐடிலிங் கூடுதலாக நின்றது, அடியிலிருந்து அந்த இரும்பு வாசனை. முன்பென்றால் அணைத்துவிட்டு இறங்கியிருப்பேன். கியரைப் போட்டுப் பழனி ரோட்டிலேயே மறுபடி ஏற்றிவிட்டேன். டீ மடத்துக்குளத்தில்தான் குடித்தேன்.