லூப்: தமிழில் எது? வெள்ளிக்குள் வேண்டும்

தெம்பனிஸ் தொண்டூழியர்:

அனைவருக்கும் வணக்கம். இங்கே சிங்கப்பூரில் சனிக்கிழமைகளில் நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தமிழில் ஸ்கிராட்ச் சொல்லிக்கொடுக்கிறோம், திரையில் கட்டளைக் கட்டைகளைக் கோத்து நிரல் எழுதும் மொழி அது. பயிற்சித்தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மற்ற சொற்கள் அமைந்துவிட்டன, ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் மட்டும் பாக்கி.

போன வாரம் தொடக்கநிலை நான்கு படிக்கும் பையன் ஒருவன் சதுரம் வரைய ‘நகர்’, ‘திரும்பு’, ‘நகர்’, ‘திரும்பு’ என்று எட்டுக் கட்டைகளைக் கோத்தான். அடுத்து அறுகோணம் என்றதும் கையை எடுத்துவிட்டான். “அக்கா, இதையே இத்தனை தடவைன்னு சொல்ல முடியாதா?” என்றான். அந்த நொடியில் அவனுக்குக் கொடுக்க ஒரு சொல் வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள ‘மடக்கு’ என்று சொன்னேன். பக்கத்திலிருந்த சிறுமி தன் மடக்குக் குடையை எடுத்துக் காட்டினாள்.

ஈசூன்:

அன்புள்ள அம்மா, ‘அடுக்கு’ என்று வையுங்கள். ‘பாம்பு பாம்பு’, ‘தீ தீ தீ’ என்கிறோமே, அந்த அடுக்குத்தொடர்தான். தொல்காப்பியர் அதற்கு எண்ணிக்கையே வகுத்திருக்கிறார்: ‘இசைப்படு பொருளே நான்குவரம் பாகும்’, ‘விரைசொல் அடுக்கே மூன்றுவரம் பாகும்’. எத்தனை தடவை, எங்கே நிற்பது என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நிற்காமல் ஓடுவதற்கு ‘மண்டலித்தல்’ பொருந்தும். அந்தாதியின் முடிவு தொடக்கத்தில் போய்ச் சேருமே, அது. அபிராமி அந்தாதி ‘உதிக்கின்ற’ என்று தொடங்கி நூறாம் பாட்டில் ‘உதிக்கின்றவே’ என்று முடியும். மறுபடி முதலிலிருந்து பாட வேண்டியதுதான். மண்டலம் வடசொல்லா என்று கேட்பவர்களுக்குத் தனி மடல் எழுதுகிறேன்.

உட்லண்ட்ஸ்:

ஐயா, அடுக்கு என்பது ஏற்கெனவே ஸ்டாக்குக்கு, அதாவது தரவை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் முறைக்கு, போய்விட்டது. இந்தப் பிள்ளைகள் பின்னால் அதைப் படிக்கும்போது குழம்புவார்கள். அந்தாதியில் ஒவ்வொரு பாட்டும் வேறு. லூப்பில் அதே கட்டளைதான் திரும்ப வருகிறது.

‘லூப்’ என்றே எழுதலாம். 2020இலிருந்து தொடக்கப்பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் கோட் ஃபார் ஃபன் என்ற நிரலாக்க வகுப்பு உண்டு. அங்கே அவர்கள் காதில் விழுவது இந்தச் சொல்தான். நூலகத்துக்கு வருவது யோசிக்கக் கற்க, சொல்லை மனப்பாடம் செய்ய அல்ல.

ஜூரோங்:

இதை என்னால் ஏற்க முடியவில்லை, தம்பி. பள்ளியில் ஆங்கிலம், பல வீடுகளிலும் ஆங்கிலம். தமிழ் தாய்மொழி வகுப்போடு நின்றுவிடுகிறது. தமிழில் யோசித்து ஒரு பூனையைத் திரையில் நடக்க வைக்கலாம் என்று அவர்கள் காண்பது அந்த நூலக மேசையில்தான். அங்கேயும் லூப் என்றால் தமிழுக்கு மிஞ்சுவது வினைமுற்று மட்டுமே. ‘இணையம்’ ஒருகாலத்தில் புதுச்சொல்தானே? தமிழை இணையத்தில் ஏற்ற நா. கோவிந்தசாமி இதே ஊரில் உழைத்தார், 1997இல் இங்கே தமிழிணைய மாநாடு கூடியது. இன்று யாரும் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்பதில்லை.

‘சுற்று’ போதும். திடலில் ‘நாலு சுற்று ஓடு’ என்றால் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். முடிவில்லாச் சுற்று, சுற்றுக்குள் சுற்று எல்லாம் அதிலிருந்தே பிறக்கும்.

உட்லண்ட்ஸ்:

சரி அக்கா. மைக்ரோபிட் என்ற சின்னக் கணினிப் பலகையில் விளக்கு எரிய வைக்கும் நாளில் ‘மின்சுற்று’ வருமே? அதே மேசை, அதே பிள்ளைகள்.

தெம்பனிஸ் தொண்டூழியர்:

எல்லாருக்கும் நன்றி. மூவர் தனிமடலிலும் சுற்று என்றே எழுதியிருந்தார்கள், அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘சுற்று, அதாவது லூப்’ என்று இருக்கும். மின்சுற்று அடுத்த மாதம்தான், அதற்குள் தம்பியின் கேள்விக்கு வழி பார்க்க வேண்டும்.

ஈசூன்:

அச்சாகட்டும் அம்மா. ஆனால் ஸ்டாக்குக்கு அடுக்கு என்று வைத்ததுதான் முதல் பிழை. அதற்குக் ‘குவை’ இருக்கிறது. அதை மாற்றிவிட்டால் அடுக்கு நமக்குத் திரும்பக் கிடைக்கும்.