பொனற்றில் ஓட்டை வெட்டியவர்கள் வாருங்கள்: பெயின்ற் தப்பியதா?

குளத்தடியான், விசுவமடு

என்னுடையது 1990களில் வந்த பழைய டபிள் கப் பிக்கப். போன வருடம் எஞ்சின் ஹெட் வெடித்துப்போக, இன்ரர்கூலரோடு ஒரு டர்போ எஞ்சின் வாங்கி இறக்கினோம். டர்போ அமுக்கிச் சூடாக்கிய காற்றை எஞ்சினுக்குள் போகுமுன் ஆற்றுவதுதான் இன்ரர்கூலர். எங்களுடையது எஞ்சினுக்கு மேலே படுத்திருக்கிற வகை. மேலிருந்து காற்று வந்து விழுந்தால்தான் அது வேலை செய்யும். மூடிய பொனற்றுக்குக் கீழே எஞ்சின் சூட்டையே திரும்பக் குடித்துக்கொண்டு கிடக்கும். ஆகவே எஞ்சின் மூடியான பொனற்றை வெட்டி, மேலே காற்றுப் பிடிக்க ஒரு மூக்குப் பூட்ட வேண்டும். முழுப் பெயின்ற் அடித்து இரண்டு மாதம்கூட ஆகாத பொனற்!

முதலில் போன கராஜில் கேட்ட கையோடு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "பத்து நிமிச வேலை அண்ணை" என்றார்கள். நான் திறப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு ஒரு ஞாயிறு காலையில் பெறாமகனும் நானுமாகப் புளியமர நிழலில் தொடங்கினோம். நிழல் முக்கியம். எங்கள் வெயிலில் மாஸ்கிங் டேப்பை ஒட்டி மத்தியானம் வரை விட்டால் பசை இளகி அப்பிக்கொள்ளும். உரிக்கும்போது புதுப் பெயின்றும் கூட வந்தாலும் வரும்.

எங்கே வெட்டுவது என்பதுதான் பெரிய தலையிடி. இன்ரர்கூலரின் நாலு மூலையிலும் குளத்துக் களிமண்ணை உருட்டி வைத்து, பொனற்றை மெதுவாக மூடித் திறந்தோம். களி ஒட்டிய இடம் அடியில் தெரிந்தது. அந்த அடையாளங்களுக்குச் சற்று உள்ளே, வெட்டி எறியப்போகும் பகுதியில், கீழிருந்து சின்னத் துளை போட்டால் மேலே இடம் தெரிந்துவிடும். அங்கே பெயின்ற் உதிர்ந்தாலும் கவலையில்லை. அடியில் ஓடும் உள்சட்டத்தையும் பார்க்க வேண்டும். பொனற்றின் பலமே அதில்தான் இருக்கிறது. மேல் தகட்டின் கனம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. எங்களுக்கு ஒரு சட்டம் குறுக்கே வந்தது. ஓட்டையை ஒடுக்கினோமே தவிர அதில் கை வைக்கவில்லை.

பிறகு கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் குழாயை இழுத்துவிட்டு, பிணைச்சல் நின்ற இடத்தைப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பொனற்றைக் கழற்றி இரண்டு வாங்குக்கு மேல் பழைய மெத்தை போட்டுக் கிடத்தினோம். அகல டேப் இரண்டு அடுக்கு. அதற்கு மேல் மட்டை வைத்து வரைந்தோம். நாலு மூலையிலும் 12 மில்லிமீற்றர் வட்டத் துளை. மூலையைக் கூராக வெட்டினால் கிரவல் ரோட்டுக் குலுக்கலில் அங்கிருந்துதான் தகடு வெடித்து ஓடும்.

வெட்டியது ஜிக்சோவால், பிளேட் மேலும் கீழும் ஓடும் கை மின்வாள். அதன் பிளேட்டில் ஒரு சூட்சுமம். சாதாரண பிளேட் மேல்நோக்கி இழுக்கும்போதுதான் வெட்டும், அதனால் பெயின்றைத் தூக்கி உடைக்கும். பல் கீழ்நோக்கிய பிளேட் கிளிநொச்சியில் தேடினேன், கிடைக்கவில்லை. பொனற்றைக் கவிழ்த்து வெட்டலாமென்றால் உள்சட்டம் விடாது. கடைசியில் அங்குலத்துக்கு 32 பல் உள்ள மெல்லிய பிளேட்டைப் போட்டு, கோட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் உள்ளே வெட்டினோம். உடைந்த பெயின்றெல்லாம் அந்த மூன்று மில்லிமீற்றருக்குள்ளேயே அடங்கிவிட்டது. மிச்சத்தை அரம் பார்த்துக்கொண்டது. அரத்தை மேலிருந்து கீழாக மட்டும் தள்ள வேண்டும், மேல்நோக்கி இழுத்தால் பெயின்ற் விளிம்போடு உரியும். ஜிக்சோவின் அடித்தட்டுக்கும் டேப் சுற்றினோம், கோடு கோடாகக் கீறுவது அதுதான். பிளேட்டுக்கு மெழுகுதிரி தேய்த்தோம். எண்ணெய் விட்டால் டேப் கழன்றுவிடும். கடைசி அங்குலத்துக்கு முன் வெட்டுக்குக் குறுக்கே டேப் ஒட்டிப் பிடித்தோம், துண்டு தொங்கிக் கிழியாமலிருக்க.

வெட்டியது இருபது நிமிடம். மற்றதெல்லாம் சேர்த்து ஐந்து மணித்தியாலம். பெயின்றில் ஒரே ஒரு கீறல்தான், அதுவும் பொனற்றைத் திரும்பப் பூட்டும்போது பெறாமகன் பிடி நழுவி மட்கார்டில் விழுந்தது. பிளேட் பட்ட இடம் தப்பியது, கை பட்ட இடம் தப்பவில்லை.

ரிங்கர் பாஸ், வவுனியா

தம்பி கிரைண்டரைக் கண்டு ஓடியது சரிதான். தீப்பொறி என்பது உருகிய இரும்புத் துகள். மேல் லக்கரிலும் முன் கண்ணாடியிலும் சுடச்சுடக் குத்தி நின்றுவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மழை பெய்து காய்ந்த பிறகு கபில நிறத்தில் புள்ளி புள்ளியாகப் பூக்கும். வேலை பழகிய காலத்தில் வெள்ளை வான் ஒன்றுக்கு நானே இதைச் செய்து, சொந்தக்காரரிடம் வாங்கிக்கட்டியிருக்கிறேன்.

ஜிக்சோவும் அரமும் விடும் தூளும் அப்படித்தான். எல்லோரும் செய்யும் பிழை, வேலை முடிந்ததும் சீலையால் ஒரு துடை. அது மண்கடதாசி போடுவதற்குச் சமம். முதலில் ஒரு காந்தத்தைப் பொலித்தீன் பையில் போட்டு, பெயின்றில் முட்டாமல் மேலால் கொண்டுபோனால் பாதித் தூள் வந்துவிடும். பையை உள்புறம் வெளிப்புறமாகப் புரட்டினால் தூள் பைக்குள். மிச்சத்துக்குத் தண்ணீரை விட்டுக் கழுவு.

என் கையில் இப்போது நிப்ளர்தான். டிரில்லில் பூட்டுவது. பொறி இல்லை, சூடு இல்லை, தகட்டைப் பிறை பிறையாகக் கடித்துக்கொண்டு போகும். அந்தப் பிறைத் துண்டுகளை மட்டும் எண்ணிப் பொறுக்க வேண்டும். செருப்பையும் துளைக்கும், ரயரையும் துளைக்கும்.

முறிகண்டி வழி

நீங்கள் பெயின்றைப் பற்றிக் கதைக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த முதல் பொனற் ஓட்டை உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டியது.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடை நாட்கள். வன்னிக்குள் பெற்றோல் தங்கம், கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. எஞ்சின் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெயில் பற்றாது, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டுத்தான் ஸ்ராட் பண்ண வேண்டும். பெரியப்பாவின் ஒஸ்டின் கேம்பிரிட்ஜில் பொனற் கேபிள் அறுந்துபோயிருந்தது. ஒவ்வொரு முறையும் கம்பி விட்டுக் கிண்டித் திறந்து அலுத்துப்போய், ஒருநாள் கோபத்தில் காபரேற்றருக்கு நேர்மேலே உளியை வைத்துவிட்டார். உளி எங்கே தகட்டை வெட்டும்? கிழித்தது. சுற்றவர அப்பளம்போல் நெளிந்தது. பால்மா ரின் மூடி ஒன்றை அளவாகத் தட்டி அதற்கு மேலே போட்டார். பெயின்ற் தூரிகையால் அடித்ததுதான், மூடிக்கும் அதே பச்சை.

2002இல் ஏ9 பாதை திறந்து பெற்றோல் வந்த பிறகும் அந்த மூடியை அவர் எடுக்கவில்லை. வவுனியாவில் கார் கழுவப்போன இடத்தில் ஒரு பொடியன், "ஐயா, எண்ணெய் இதுக்குள்ளயா விடுறது?" என்று கேட்டானாம்.

மாங்குளம் சந்தி

நான் வெட்டியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கார் சூடாகிறது என்று, சூடு வெளியே போக முன் கண்ணாடிக்குக் கிட்ட மூன்று நீட்டு வெட்டு. ஓட்டத்தில் கண்ணாடியில் காற்று மோதி அந்த இடத்தில் அமுக்கம் கூடும். உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று எடுக்கும் வாயை அதனால்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். சூடு வெளியே போகவில்லை, வெளிக்காற்று உள்ளே போனது. நின்றால் வந்த சூடும் மணமும் காருக்குள். மாரிக்கு, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் கொயில் நனைந்து நடுரோட்டில் நின்றேன்.

கடைசியில் பார்த்தால் வருத்தம் வேறு. அரிவு வெட்டுக் காலத்து வைக்கோல் தூசி ரேடியேற்றர் முகத்தை அடைத்திருந்தது. தண்ணீர் அடித்துக் கழுவியதோடு சரி. வெட்டுகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள். அதற்குப் பிறகும் சூடு போகத்தான் வெட்ட வேண்டுமென்றால், ரேடியேற்றருக்குச் சற்றுப் பின்னால் வெட்டுங்கள். பெயின்ற்? அது அருமையாகத் தப்பியது.

நெடுங்கேணியிலிருந்து

குளத்தடி அண்ணா, என் காரின் பொனற்றில் காந்தம் ஒட்டவில்லை. இதே முறை சரிவருமா? வெட்டினால் பொலிஸ் மறிக்காதா?

குளத்தடியான், விசுவமடு

காந்தம் ஒட்டாவிட்டால் அநேகமாக அலுமினியமாகத்தான் இருக்கும், தங்கச்சி. மென்மையானது, ஆனால் பிளேட்டின் பல்லில் அப்பும். பல் கொஞ்சம் பெரிய பிளேட்டாகப் போட்டு அடிக்கடி மெழுகு தேயுங்கள். பிறைமரும் (அடிப்பூச்சு) அலுமினியத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். பொலிஸைப் பொறுத்தவரை, நான் எஞ்சின் மாற்றியதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றிவிட்டுத்தான் வெட்டினேன். ஒருமுறை மறித்தார்கள், புத்தகத்தைப் பார்த்துவிட்டு விட்டார்கள்.

விளிம்புக்குச் செய்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். தின்னரைச் சீலையில் தொட்டு வெறும் இரும்பை மட்டும் துடைத்து (பெயின்றில் படக்கூடாது), தூரிகையால் துருத்தடுப்புப் பிறைமர் இரண்டு பூச்சு, நிறம், கடைசியில் விளிம்பை மூடும் இறப்பர் பீடிங். ஒரு மாரி கழிந்து நேற்று பீடிங்கைக் கழற்றிப் பார்த்தேன். இடது பின் மூலையில் மட்டும் மிளகளவு துரு. அந்த மூலைக்கு வரும்போது பொழுதுபட்டுவிட்டது, இரண்டாம் பூச்சு அடிக்காமல் விட்டது ஞாபகம் இருக்கிறது.