தெருவோர ரெயின் கார்டன், மழைநீர் பார்க்: நேர்ல பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

நான் தெரு டிசைன் வேலைல இருக்கேன், நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். புதுசா போட்ட ஒரு தெரு, ஓரத்துல பள்ளமா செடி வெச்சு மழைத்தண்ணி அதுக்குள்ள இறங்குற மாதிரி பண்ணிருந்தாங்க, போட்டோல அவ்ளோ அழகு. நல்ல மழைல குடைய புடிச்சிட்டு போய் நின்னு பார்த்தா ரோட்டுத் தண்ணி கெர்ப்ல (ரோட்டோர கல் விளிம்புல) உள்ள போக விட்டிருந்த வாயைத் தாண்டி நேரா ஓடுது, உள்ள ஒரு சொட்டு போகல. தெரு சரிவு ஜாஸ்தி, வேகமா வர்ற தண்ணி தானா பக்கவாட்டுல திரும்பாது. வாய்க்கு முன்னாடி ரோட்டை லேசா குழிச்சு விட்டிருக்கணும், உள்ள மண்ணும் ரோட்டை விட ரெண்டு இஞ்சாவது கீழ இருக்கணும், இல்லன்னா முதல் மழைல வர்ற குப்பையும் வண்டலுமே வாயை அடைச்சிரும். எந்தச் செடி வைக்கலாம்னு மாசக்கணக்கா மீட்டிங் போடுவாங்க, இந்த ரெண்டு இஞ்ச பத்தி எவனும் வாயே திறக்க மாட்டான்.

*

அண்ணே இதுல இன்னொரு கொடுமை இருக்கு. எங்க தெருவுல நல்லாத்தான் வேலை செஞ்சிட்டு இருந்துச்சு, அப்புறம் பழைய ரோட்டை சுரண்டாம அது மேலயே தார் போட்டுட்டுப் போனாங்க, கெர்ப் வாய்ல பாதி உயரம் தாருக்குள்ள போயிருச்சு. இப்ப ஒரு பிளாஸ்டிக் கவர் வந்து மாட்டுனா போதும் க்ளோஸ். கொசு வரும்னு பயந்தவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், தண்ணி ரெண்டு நாள்ல இறங்கிருச்சுன்னா முட்டை கொசுவாகுற அளவுக்கு டைமே கிடைக்காது. வாரக்கணக்கா நின்னாதான் பிரச்சனை, அப்படி நின்னா அடில மண்ணு இறுகியிருக்குன்னு அர்த்தம், வேலை நடக்கும்போது ரோலர் ஏறியிருக்கும்.

*

பார்க் பக்கம் நான் சொல்றேன். நெதர்லாந்து ராட்டர்டாம்ல 2013ல திறந்த பெந்தெம்ப்ளைன் சதுக்கம் பார்த்தேன், மழை இல்லாதப்ப பசங்க பாஸ்கெட்பால் ஆடுற குழி, பெருமழைல அதுவே குளம், மொத்தமா 17 லட்சம் லிட்டர் பிடிக்குமாம். நான் போனப்ப வெயில்தான், குளத்த பார்க்க குடுத்து வைக்கல. ஆனா இதெல்லாம் கட்டிட்டா வெள்ளமே வராதுன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. சீனால ஜெங்ஜோ 'ஸ்பாஞ்ச் சிட்டி'ன்னு, அதாவது மழைத்தண்ணிய ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சுற ஊரா மாத்துறோம்னு, கோடிக்கணக்குல செலவு பண்ண ஊருதான், 2021 ஜூலைல ஒரே மணி நேரத்துல 201.9 மில்லிமீட்டர் கொட்டுச்சு, சுரங்க ரயிலுக்குள்ளயே தண்ணி புகுந்து ஆளுங்க செத்துப் போனாங்க. செடிப்பள்ளம் அன்றாட மழைக்குத்தான். அதை மீறி வர்றதுக்கு எந்தத் தெரு வழியா ஓடி எங்க போய் சேரணும்னு முன்னாடியே வழி விட்டிருக்கணும். டென்மார்க்ல கோபன்ஹேகன் 2011 ஜூலை வெள்ளத்துல அடி வாங்கினப்புறம் அப்படித்தான் சில தெருக்களையே வாய்க்கால் மாதிரி பிளான் பண்ணாங்க.

*

எல்லாம் சரி, எங்க அபார்ட்மென்ட் முன்னாடி போடலாம்னு இருக்கோம், மண்ணு தண்ணிய இழுக்குமான்னு எப்படிங்க பாக்குறது?

*

ஒரு அடி ஆழத்துக்கு குழி வெட்டி தண்ணி ஊத்துங்க, ஒரு ஸ்கேல நட்டு வெச்சு மணிக்கு எவ்ளோ இறங்குதுன்னு பாருங்க. முதல் தடவ ஊத்துறத கணக்குல எடுக்காதீங்க, காஞ்ச மண்ணு சர்ருனு குடிச்சிரும். அது இறங்குனதும் திரும்ப ஊத்துங்க, அந்த அளவுதான் கணக்கு. மணிக்கு அரை இஞ்சு கூட இறங்கலன்னா அடில துளை பைப் ஒண்ணு போட்டு வடிகால்ல சேர்த்துருங்க.