தேயிலை ஃபேக்டரி சர்வரில் சொந்தமாகக் கம்பைல் செய்த கெர்னல்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

கோத்தகிரி_இலைக்கணக்கு:

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டர் வேலை என் பொறுப்பு. ஒரே சர்வர்தான், டெபியன் 12 லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையின் எடைக்கணக்கும் மாதப் பட்டுவாடாவும் அதில்தான் ஓடுகின்றன. எனக்கு முன்னால் இருந்தவர், சிஸ்டத்தின் மையமான கெர்னலை டெபியனிடமிருந்து எடுக்காமல், சோர்ஸ் கோடிலிருந்து தானே கம்பைல் செய்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வேகமாக ஓடும் என்பது அவர் கணக்கு.

போன மாதம் இடி விழுந்து நெட்வொர்க் போர்ட் போய்விட்டது. குன்னூரில் கார்டு வாங்கி வந்து செருகினேன். விளக்கு எரிகிறது, சிஸ்டமோ கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை. கேபிளை மாற்றி, ஸ்லாட்டை மாற்றி மூன்று மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால் கெர்னலில் அந்தக் கார்டை இயக்கும் டிரைவரே கிடையாது. அன்று பட்டுவாடா நாள். வராந்தாவில் நின்ற ஒரு பாட்டி, ஈரத்தில் மை கலங்கிய எடைச்சீட்டை உள்ளங்கையில் விரித்துப் பிடித்தபடி, "இன்னிக்கு வருமா தம்பி?" என்று நான்கு தடவை கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இதையே பராமரிப்பதா, டெபியன் தரும் கெர்னலுக்குப் போய்விடுவதா?

ஊட்டி_சர்வர்:

'யூநேம் -ஆர்' அடித்தால் எந்தக் கெர்னல் எண் வருகிறது, தம்பி?

கோத்தகிரி_இலைக்கணக்கு:

6.1.38, அண்ணா. வாராவாரம் 'அப்ட் அப்கிரேட்' அடித்து பேக்கேஜ்களைப் புதுப்பிக்கிறேன். எல்லாம் புதிதாக இருப்பதாகத்தான் சொல்கிறது.

ஊட்டி_சர்வர்:

எனக்குப் பயமே அதுதான். 6.1.38 வந்தது 2023 ஜூலையில். கையால் போட்ட கெர்னல் அப்டின் கணக்கிலேயே வராது, அதனால் அது எச்சரிக்கவும் செய்யாது. 2024 தொடக்கத்தில் வெளிவந்த சிவிஇ-2024-1086 என்ற பாதுகாப்பு ஓட்டையை 6.1 வரிசையில் 6.1.76-ல்தான் அடைத்தார்கள். சாதாரண யூசர் ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்) ஆகிவிடக்கூடிய ஓட்டை அது. உங்கள் கெர்னல் கான்ஃபிக்கில் என்எஃப்டேபிள்ஸ் (ஃபயர்வால் பகுதி) இருந்தால் இன்னும் திறந்தே கிடக்கிறது.

கார்டு விஷயம்: அவர் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' ஓட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் லோடாகியிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற தனித்துண்டுகளை) மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அது கழித்துவிடும். நாளைக்கு வேறு கார்டு வரும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

வேகத்துக்காக இதைச் செய்யத் தேவையே இல்லை. டெபியன் கெர்னலோடு எத்தனை ஆயிரம் டிரைவர் வந்தாலும் பெரும்பாலானவை டிஸ்க்கில் சும்மா கிடக்கும். தேவைப்பட்டதுதான் மெமரிக்கு வரும். ப்ராசஸருக்கு ஏற்றபடி பூட் ஆகும்போதே கெர்னல் தன் கோடில் சில இடங்களை மாற்றிக்கொள்ளவும் செய்கிறது. எடை அறிக்கை மெதுவாக வந்தால் டேட்டாபேஸ் இண்டெக்ஸைப் பாருங்கள், டிஸ்க்கைப் பாருங்கள்.

'லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64' பேக்கேஜைப் போடுங்கள். அப்புறம் புது கெர்னல்கள் வழக்கமான அப்டேட்டிலேயே வரும். ரீபூட்டுக்கு முன் எஃப்எஸ்டேபில் (டிஸ்க் பட்டியல் ஃபைல்) டிஸ்க்குகள் யூயூஐடியில் (மாறாத அடையாள எண்ணில்) இருக்கின்றனவா பாருங்கள். பழைய கெர்னலை பூட் மெனுவான கிரப்பில் விட்டுவையுங்கள். வீட்டிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் (நெட்வொர்க் வழியாக) செய்யாதீர்கள், திரைக்கு முன்னால் உட்கார்ந்து செய்யுங்கள். கட்டபெட்டு பக்கம் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டால் யாரும் வந்து சேர முடியாது.

கொடை_ரூட்:

நான் ஒரு மெஷினுக்கு இன்றும் கம்பைல் செய்கிறேன். பழைய சீரியல் கார்டு ஒன்று, டிரைவர் கோடில் சின்ன பேட்ச் (திருத்தம்) போட்டால்தான் பேசும். ஆனால் டெபியனின் கான்ஃபிக்கையே அடிப்படையாக எடுத்துக்கொள்கிறேன், ஒரு டிரைவரைக்கூடக் கழிப்பதில்லை. லேப்டாப்பில் 'மேக் பின்டெப்-பிகேஜி' ஓட்டி டெப் ஃபைலாக (டெபியன் பேக்கேஜாக) எடுத்துப்போய்ப் போடுவேன். கெர்னலின் ஸ்டேபிள் வெளியீடு (திருத்தங்கள்) பல சமயம் வாராவாரம் வரும், ஒவ்வொன்றையும் படித்தாக வேண்டும். ஊரில் இல்லாத வாரம் மனசு அந்த மெஷினிலேயே கிடக்கும். வேறு வழி இருந்தால் நானே விட்டுவிடுவேன்.

கோத்தகிரி_இலைக்கணக்கு:

ஞாயிறு இலை வண்டி போனபிறகு மாற்றிவிட்டேன். அண்ணா சொன்னது நல்லதாகப் போயிற்று: பேக்கப் டிஸ்க் மட்டும் 'எஸ்டிபி1' என்று எழுதியிருந்தது, யூயூஐடி ஆக்கினேன். ரீபூட் ஆனதும் கார்டு தானாக எழுந்தது. இடியில் போன போர்ட்டின் டிரைவரும் லோடாகியிருக்கிறது, பாவம். பழைய கெர்னலை இன்னும் அழிக்கவில்லை. இந்த மாதப் பட்டுவாடா முடியட்டும்.