பெரிய தொண்டு நிறுவனத் தலைவர்கள் தங்களுக்குள் மனம்விட்டுப் பேச ஒரு வட்டம் அமைப்பது எப்படி?

வைகைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டங்களில் பள்ளிகள், குழந்தைகள் இல்லங்கள், மகளிர் குழுக்கள் எனப் பணியாற்றும் ஓர் அறக்கட்டளையின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். நூற்றுக்கணக்கான பணியாளர்களைக் கொண்ட எங்களைப் போன்ற நிறுவனங்களின் தலைவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது பெரும்பாலும் நன்கொடையாளர்கள் கூட்டும் மாநாடுகளில்தான். அங்கே அவரவர் வெற்றிகளைத் திரையில் காட்டிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். விடுதிப் பணியாளர் மீது பாலியல் புகார் வந்தால் முதல் நாளில் என்னென்ன செய்ய வேண்டும், எத்தனை மாதச் செலவுக்கான தொகையைக் காப்பு நிதியாக வைத்திருப்பது நல்லது, களப்பணியாளர் ஊதியத்தை எந்த அளவில் வைத்தால் அவர்கள் நிலைப்பார்கள் என்பன போன்ற, தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகளை எடுத்துச் செல்ல இடமில்லை. நன்கொடையாளரிடம் சொன்னால் நம்பிக்கை குலையும். பணியாளர்களிடம் சொல்வது பொருந்தாது. அறங்காவலர்களிடமும் ஓரளவுக்கு மேல் பேச முடிவதில்லை.

ஆகவே ஏழெட்டு நிறுவனங்களின் தலைவர்கள் மட்டும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கூடும் ஒரு வட்டத்தைத் தொடங்க விரும்புகிறேன். நாங்கள் எல்லோரும் வணிக நிறுவனங்கள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதிக்காக ஒரே கதவுகளைத் தட்டுகிறவர்கள் என்பதால், அங்கே ஒளிவுமறைவில்லாத பேச்சு நடக்குமா என்ற ஐயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நெய்தல்:

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கெங்கிருந்தோ தொண்டு நிறுவனங்கள் அந்தக் கடற்கரையில் வந்து குவிந்தபோது, சிஃப்ஸ் எனப்படும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா அமைப்பும் முன்நின்று, மாவட்ட நிர்வாகத்தின் ஆதரவோடு ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்ற விவரம் அங்கே திரண்டது. தார் அட்டையால் கட்டிய தற்காலிகக் குடியிருப்புகளுக்குள் வெயிலில் மக்களால் இருக்க முடியவில்லை என்பதும், சில ஊர்களில் இழந்தவற்றைவிடக் கூடுதலாக ஃபைபர் படகுகள் வந்து சேர்ந்துவிட்டன என்பதும் வெளிப்படையாகப் பேசப்பட்டன.

ஆனால் படகு விநியோகம் உடனே நின்றுவிடவில்லை. பல நிறுவனங்கள் நன்கொடையாளருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தன. கூட்டத்துக்கு வந்து கேட்டவருக்கோ, அந்தத் திட்டத்தை மாற்றும் அதிகாரம் இல்லை. நான் பார்த்த வரையில், பகிர்வு வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனவே உங்கள் வட்டத்தில் தலைவர் மட்டுமே வரலாம், வர முடியாதவர் பதில் ஆளை அனுப்பக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். நன்கொடையாளர் எவரையும் பார்வையாளராகக்கூட அழைக்காதீர்கள். போட்டியைப் பொறுத்தவரை, முடிவாகாத விண்ணப்பங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று ஒப்புக்கொண்டாலே பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

பேரேடு:

தணிக்கைத் துறையிலிருந்து சில செய்திகளைச் சேர்க்கிறேன். முதலாவது பணம். 2020-ல் எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு வந்த திருத்தம், ஒரு நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை மற்றொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதை முற்றிலும் தடை செய்துவிட்டது. அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. ஆகவே வட்டத்துக்கென்று பொது நிதி திரட்ட வேண்டாம்; அவரவர் பயணச் செலவை அவரவர் உள்நாட்டு நிதியிலிருந்து செய்துகொண்டால் போதும்.

அந்த 20 விழுக்காடே உங்கள் முதல் கூட்டத்துக்கு நல்ல பொருளாகும். மருத்துவமனை நடத்தும் நிறுவனத்தில் மருத்துவரின் ஊதியமும், பள்ளி நடத்தும் நிறுவனத்தில் ஆசிரியரின் ஊதியமும் நிர்வாகச் செலவில் சேராது என்று விதியே சொல்கிறது. ஆனால் பாதி நேரம் களத்திலும் பாதி நேரம் அலுவலகத்திலும் இருக்கும் ஒருங்கிணைப்பாளரின் ஊதியத்தையும், அவர் செல்லும் வாகனத்தின் டீசலையும் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியைக் கையாள்கிறது. அனைவரும் வெளிநாட்டு நன்கொடைக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் தத்தம் எஃப்.சி.-4 படிவத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் கொண்டுவந்து மேசையில் வைத்தால், ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்வது ஆண்டு முழுவதும் பயன்படும்.

இரண்டாவது இன்னும் முக்கியமானது. குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தன் பணியாளர் செய்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறும் நிறுவனத் தலைவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. வட்டத்தில் கலந்து பேசிவிட்டுப் புகாரளிக்கலாம் என்று ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. புகார் அளித்த பிறகு, குழந்தையின் பெயரோ ஊரோ பள்ளியோ வெளிப்படாமல், நிறுவனத்தின் நடைமுறை எங்கே பிசகியது என்பதை மட்டும் பேசலாம். கூட்டக் குறிப்பிலும் யார் சொன்னது என்று எழுதாமல், என்ன முடிவுக்கு வந்தோம் என்பதை மட்டும் எழுதுங்கள்.

கண்ணொளி:

போட்டி பற்றிய உங்கள் ஐயத்துக்கு மதுரையிலேயே விடை இருக்கிறது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் லயன்ஸ் அமைப்பின் துணையோடு லைக்கோ என்ற பயிற்சி நிறுவனத்தை ஏற்படுத்தி, இன்றுவரை 300-க்கும் மேற்பட்ட கண் மருத்துவமனைகளுக்குத் தன் நிர்வாக முறையைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. நோயாளிகளுக்காகவும் நன்கொடைக்காகவும் போட்டியிடக்கூடியவர்களுக்குத் தன் கணக்கையும் கையேட்டையும் திறந்து காட்டுவதற்கு எவ்வளவு பெரிய மனம் வேண்டும் என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

அவர்களுடைய வழிமுறையைக் கவனியுங்கள். முதலில் அந்த மருத்துவமனைக்கே சென்று நிலைமையை ஆராய்கிறார்கள். பிறகு மருத்துவர், நிர்வாகி என்று குழுவாக மதுரைக்கு வரச் சொல்கிறார்கள். திரும்பிச் சென்றபின் என்ன மாறியது என்று தொடர்ந்து விசாரிக்கிறார்கள். ஒரு மேசையில் அறுவை முடியும்போதே அடுத்த மேசையில் நோயாளி ஆயத்தமாக இருப்பதை நேரில் பார்க்கும் மருத்துவர், எத்தனை உரை கேட்டாலும் பெற முடியாத தெளிவோடு ஊர் திரும்புகிறார்.

எனவே ஹோட்டல் அரங்கில் கூடாமல், ஒவ்வொரு முறையும் ஒருவருடைய நிறுவனத்தில் கூடுங்கள். காலையில் விடுதியின் வருகைப் பதிவேடு, மருந்து இருப்பு, புகார்ப் பெட்டி ஆகியவற்றைப் பாருங்கள். புகார்ப் பெட்டியின் சாவி விடுதிக் காப்பாளரிடமே இருக்கிறதா, வெளியிலிருந்து வரும் ஒருவரிடம் இருக்கிறதா என்று கேட்டாலே அரை நாள் பேசுவதற்குப் பொருள் கிடைக்கும்.

வைகைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் இல்லங்களில் புகார்ப் பெட்டியின் சாவிகள் யாரிடம் இருக்கின்றன என்று இன்றே கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் ஓர் ஐயம்: நிறுவனர் ஒருவராகவும் நிர்வாக இயக்குநர் வேறொருவராகவும் இருக்கும் நிறுவனங்களில் யாரை அழைப்பது?

நெய்தல்:

அன்றாடப் பொறுப்பைச் சுமப்பவரை அழையுங்கள். நிறுவனருக்குப் பின் யார் என்ற பேச்சு எந்த வட்டத்திலும் விரைவில் வந்துவிடும். நிறுவனர் எதிரில் அமர்ந்திருந்தால் இயக்குநர் வாய் திறக்க மாட்டார். அதே சமயம், நிறுவனரை ஒதுக்கிவிட்டு ரகசியமாகக் கூடுகிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால் வட்டம் ஓராண்டுகூட நிலைக்காது. அழைப்புக் கடிதத்தை முதலில் நிறுவனருக்கே எழுதி, நேரில் சென்று நோக்கத்தை விளக்கி, அவருடைய இசைவோடு இயக்குநரை வரச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனர்களுக்கென்று தனியாக ஓர் அமர்வு வைக்கலாம். பொறுப்பைக் கைமாற்றிக் கொடுத்த நிறுவனர் ஒருவர் அதில் முதலில் பேசினால், மற்றவர்களுக்கும் பேச்சு எளிதாகும்.