இ46 எம்3: மெதுவான திருப்பங்களில் பின் டிஃப்ரென்ஷியல் முனகுகிறது, ஆயில் மாற்றினால் போதுமா?

கேள்வி: பழையசக்கரம்

வணக்கம். பிரிட்டனில் வசிக்கிறேன். என்னிடம் 2003ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ இ46 எம்3 உள்ளது. வண்டி நன்றாக ஓடிச் சூடான பிறகு, வாகன நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதுமாக ஒடித்துத் திருப்பும்போது பின்பக்கத்திலிருந்து முனகலும் விட்டு விட்டு வரும் அதிர்வும் எழுகின்றன. நேர்ச்சாலையில் எந்த வேகத்திலும் சத்தமே இல்லை. டிஃப்ரென்ஷியல் (திருப்பங்களில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்ற விவரம் முந்தைய உரிமையாளர் தந்த ரசீதுகளில் இல்லை. யூனிட்டை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று ஓர் ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். அதற்கு முன் ஆயிலை நானே மாற்றிப் பார்க்கலாமா?

பதில்: அச்சாணி

தாராளமாக மாற்றிப் பாருங்கள், நண்பரே. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு யூனிட்டைப் பிரிப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். இந்த வண்டியில் இருப்பது சாதாரண டிஃப்ரென்ஷியல் அன்று. இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போது, கெட்டியான சிலிக்கோன் திரவம் நிரம்பிய ஒரு சிறு பம்ப் அழுத்தத்தை உண்டாக்கி, கிளட்ச் பிளேட்டுகளை ஒன்றோடொன்று நெருக்கி, இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டுகிறது. இறுக்கமான திருப்பத்தில் அந்தப் பிளேட்டுகள் வழுக்கியாக வேண்டும். ஆயில் பழையதாகி உராய்வைக் குறைக்கும் சேர்மம் வலுவிழந்துவிட்டால், அவை பிடித்துப் பிடித்து விடுகின்றன, அந்த அதிர்வுதான் முனகலாகக் கேட்கிறது. பேரிங் போயிருந்தால் நேர்ச்சாலையிலும் வேகத்துக்கேற்ப ஊளைச்சத்தம் வந்திருக்கும்.

வேலையைத் தொடங்கும்போது ஆயில் நிரப்பும் மேல் போல்ட்டைத்தான் முதலில் தளர்த்த வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கீழே வடித்துவிட்ட பிறகு மேலே உள்ளது அசையவில்லை என்றால், ஆயில் இல்லாத வண்டியை எங்கும் ஓட்டிச் செல்ல முடியாது. குளிர்காலச் சாலை உப்பில் அந்தப் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்க வாய்ப்பு மிகுதி. அறுகோணக் குழிக்குள் படிந்த அழுக்கைக் கம்பியால் சுரண்டி எடுத்து, 14 மி.மீ. ஆலன் சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி அடிவரை இறக்கிய பிறகே பலம் கொடுங்கள். பாதி ஆழத்தில் திருகினால் குழி வழவழத்துப்போய்விடும்.

வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, நான்கு ஸ்டாண்டுகளிலும் மட்டமாக நிறுத்தி வடியுங்கள். வடிந்த ஆயிலை விரலில் தொட்டுப் பாருங்கள். மை போன்ற சாம்பல்நிறப் படிவு வழக்கமான தேய்மானம். விரல்நுனியில் நெருடும் உலோகத் துணுக்குகள் வந்தால் ஒர்க்‌ஷாப் சொன்னதே சரி. பிறகு 75டபிள்யூ-140 தரமுள்ள, இத்தகைய டிஃப்ரென்ஷியலுக்கென்றே தயாரான ஆயிலை (முன்பு காஸ்ட்ரால் எஸ்ஏஎஃப்-எக்ஸ்ஜே என்ற பெயரில் வந்தது), நிரப்பும் துளையின் விளிம்பில் வழியத் தொடங்கும்வரை பம்பால் ஏற்றுங்கள். அதன்பின் ஆளில்லாத மைதானத்தில் எட்டு வடிவில் இருபுறமும் மெதுவாகப் பலமுறை திருப்பி ஓட்டினால்தான் புது ஆயில் பிளேட்டுகளுக்கிடையே பரவும்.

பதில்: இருசுவிளக்கு

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உராய்வு குறைக்கும் சேர்மம் தனிப் புட்டியிலும் கிடைக்கிறது என்பதால் ஆரம்பத்திலேயே அதை ஊற்றிவிடாதீர்கள். அளவு மிஞ்சினால் பிளேட்டுகளின் பிடிப்பு குறைந்து, இந்த வண்டிக்கே உரிய பூட்டும் திறன் மங்கிவிடும். எட்டு போட்டு ஓட்டிய பிறகும் முனகல் நின்றபாடில்லை என்றால் மட்டும் சிறிது சேர்க்கலாம்.

வண்டியின் அடியில் இருக்கும்போதே பின் சப்ஃப்ரேம் (பின் அச்சைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் இடங்களில் தரைத்தகட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள்; இ46 வண்டிகளில் அங்கு விரிசல் விடுவது எல்லோரும் அறிந்த குறை. டிஃப்ரென்ஷியலின் முன்பக்கத்துப் பினியன் சீலில் (எஞ்சின் பக்கத்திலிருந்து வரும் தண்டு இணையும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) கசிவு இருந்தால், அங்குள்ள பினியன் நட்டைக் கழற்றும் முன் அதன் நிலையைத் தண்டோடு சேர்த்துக் குறியிட வேண்டும், ஏனெனில் பேரிங்கின் முன்னழுத்தம் (அதை முன்கூட்டியே நெருக்கிவைக்கும் அளவு) அந்த நட்டின் இறுக்கத்தைப் பொறுத்தே அமைகிறது. அந்த வேலையை மட்டும் அனுபவமுள்ளவரிடம் விடுவது நல்லது.