உதவி: அம்பாசடர் டேப்பட் கவரில் ரிங்கிள் பெயிண்ட் பாதிதான் சுருங்குது

காரைக்குடி மார்க் 3:
வணக்கம், கொஞ்சம் அவசரம். டேப்பட் கவருக்கு, அதான் இன்ஜின் தலைமேல இருக்குற மூடிக்கு, காஞ்சதும் தோல் மாதிரி சுருங்குற டெக்ஸ்ச்சர் ஸ்ப்ரே கருப்பு அடிச்சேன். ஒரு ஓரத்துல மட்டும் சுருக்கம் விழுந்துருக்கு, மத்த இடமெல்லாம் சாதா கருப்பு மாதிரி வழவழன்னு கிடக்கு. ஆயில் ஊத்துற மூடிப் பக்கம் பெயிண்ட் விலகிக் குழி குழியா நிக்குது. நல்லாத் தேய்ச்சு சுத்தம் பண்ணித்தான் அடிச்சேன். இது மேலயே இன்னொரு கோட் போட்டா சரியாயிருமா? தை மாசம் தங்கச்சி கல்யாணம். அப்பச்சி ஓட்டின வண்டி, அன்னைக்கு வாசல்ல நிக்கணும்.

தேவகோட்டை ரஸ்தா:
தம்பி, கவர் தகரமா அலுமினியமா? அடியில பிரைமர் பூச்சு அடிச்சீங்களா? எத்தனை கோட், நடுவுல எவ்வளவு நேரம் விட்டீங்க? எதை வச்சுத் துடைச்சீங்க? டப்பால ரிங்கிள்னு இருக்கா, ஹேமர்டோன்னு இருக்கா? ரிங்கிள் சுருங்கும், ஹேமர்டோன் சுத்தியல்ல தட்டின மாதிரி விழும், ரெண்டும் வேற வேற.

பள்ளத்தூர் பட்டறை:
மழைதான் காரணம். கார்த்திகை ஈரத்துல எந்தப் பெயிண்டும் ஒழுங்கா நிக்காது. வெயில் வரட்டும், அதுவரைக்கும் டப்பாவைத் தொடாதீங்க.

கண்டனூர் டிங்கரிங்:
துருவுக்கு அடிக்கிற செவப்பு பிரைமர், ரெட் ஆக்சைடு அடிச்சிருப்பாரு, அதான். அது முழுசாக் காயாம மேல காட்டமான தின்னர் கலந்த பெயிண்ட் பட்டா அடியில இருக்கறதே எழும்பிரும். நான் பத்து வண்டியில பாத்துட்டேன்.

காரைக்குடி மார்க் 3:
தகரம்தான் அண்ணே. 78 மாடல் மார்க் 3, பெட்ரோல் இன்ஜின். பிரைமரே அடிக்கல. டப்பால ரிங்கிள்னு போட்டிருக்கு. பெட்ரோல்ல துடைச்சேன்.

பதினெட்டு வருஷ ஸ்ப்ரேகன்:
இதைப் பல தடவை எழுதியாச்சு. டப்பாவோட பின்பக்கத்தை ஒரு தடவை படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. கோட் எத்தனைன்னு கேட்டதுக்கு இன்னும் பதில் இல்லை. விவரம் சொல்லாம மருந்து கேட்டா யாரும் தர முடியாது.

காரைக்குடி மார்க் 3:
மன்னிக்கணும் அண்ணே. ரெண்டு கோட், மெல்லிசா. அரை மணி நேரம் விட்டு விட்டு. ஒழுகிரக் கூடாதுன்னு.

கோட்டையூர் ஆத்தங்குடி வீடு:
மெல்லிசா அடிச்சதுதான் சரி. நம்ம ஊர்ச் சுண்ணாம்புச் சுவரைப் பாருங்க, மெல்லிசு மெல்லிசா பல பூச்சு. அதனாலதான் இன்னும் கண்ணாடி மாதிரி நிக்குது.

பதினெட்டு வருஷ ஸ்ப்ரேகன்:
இல்லவே இல்லை. சாதாப் பெயிண்டுக்கு மெல்லிசு. ரிங்கிளுக்குக் கனம் வேணும். மேல்தோல் முதல்ல காஞ்சு இறுகணும், அடியில இன்னும் ஈரம் இருக்கணும். அடி காயக் காய, மேல்தோலுக்குப் போக இடமில்லாமச் சுருங்கும். நீங்க அரை மணி விட்டதுல ஒவ்வொரு கோட்டும் தனித்தனியாக் காஞ்சிருச்சு, சுருங்க அடியில சரக்கே இல்லை. சுருக்கம் விழுந்த ஓரத்துல கை நின்னு கொஞ்சம் கனமா விழுந்திருக்கும். முதல் கோட் குறுக்க, ரெண்டாவது நெடுக்க, மூணாவது சாய்வா. நடுவுல அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம்.

கோட்டையூர் ஆத்தங்குடி வீடு:
சுவர் பூச்சு தப்புன்னு சொல்றீங்களா? முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைச்சது அது.

கண்டனூர் டிங்கரிங்:
வெள்ளைக்கரு கடைசிப் பூச்சுலதான். அடிப்பூச்சுக்குக் கடுக்காய்த் தண்ணி.

கோட்டையூர் ஆத்தங்குடி வீடு:
எங்க வளவுல வேலை பாத்த கொத்தனார் அப்படிச் சொல்லல. எல்லாப் பூச்சுலயும் உண்டுன்னாரு.

தேவகோட்டை ரஸ்தா:
அந்த வழக்கைத் தனி இழையில வச்சுக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், ஏன்னா தம்பிக்கு இதுல புரியும். சுண்ணாம்புப் பூச்சுல மேல்பக்கம் சீக்கிரம் காஞ்சா வெடிச்சிரும், அதுக்குத்தான் தண்ணி காட்டி மெதுவா ஆற விடுறாங்க. ரிங்கிள்ல நேர் எதிர். மேல் சீக்கிரம் காஞ்சாத்தான் வேலையே நடக்கும். சுவர் பக்குவத்தை இங்க கொண்டு வராதீங்க.

அந்தக் குழிக்கு வாங்க. அது எண்ணெய்ப் பசை. நாப்பது வருஷம் ஆயில் ஊத்தின வாய் அது, மடிப்புக்குள்ள ஊறியிருக்கும். பெட்ரோல்ல துடைச்சா கரைஞ்ச பசை பரவும், போகாது. முழுசாச் சுரண்டி எடுங்க. முதல்ல 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 180. சோப்புப் பொடி போட்டு பிரஷ்ஷால கழுவுங்க. கழுவினதும் மேல தண்ணி ஊத்திப் பாருங்க. தகடு முழுக்கத் தண்ணி ஒரே படலமா விரிஞ்சா சுத்தம். எங்கயாவது முத்து முத்தா உருண்டு நின்னா அங்க பசை இருக்கு, திரும்பக் கழுவணும். அப்புறம் உடனே சூடு காட்டிக் காய வைங்க, இந்த ஈரத்துல வெறும் தகடு ராத்திரிக்குள்ள செம்மண் நிறமாயிரும். கடைசியா தின்னர்ல நனைச்ச வெள்ளைத் துணியால ஒரு துடைப்பு, துணி வெள்ளையாவே இருக்கணும். அதுக்கு மேல வெறுங்கை படக் கூடாது. டப்பால சொல்லியிருக்குற பிரைமர் ஒரு மெல்லிய கோட், அது நல்லாக் காஞ்ச பிறகு ரிங்கிள்.

பள்ளத்தூர் பட்டறை:
மழையையும் விட்றாதீங்க. அடிச்சு முடிச்சதும் கேஸ் அடுப்புக்கு மேல கம்பில தொங்க விட்டுச் சூடு காட்டினா உடனே சுருங்கிரும்.

பதினெட்டு வருஷ ஸ்ப்ரேகன்:
அதைச் செய்யாதீங்க. ஆவி தீப்பிடிக்கும், வீடு போயிரும். சமையல் ஓவன்லயும் வேண்டாம். வெளியில காத்தோட்டமா வச்சு, ஆவி அடங்கின பிறகு ஹீட் கன்னால தள்ளி நின்னு காட்டுங்க. சுருக்கம் கண்ணு முன்னாலயே ஓடும். நட்டு உட்கார்ற ரெண்டு இடத்துக்கும் கேஸ்கட் விளிம்புக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க, இல்லேன்னா ஆயில் கசியும். சுருக்கம் விழுந்தாச்சுன்னு அன்னைக்கே மாட்டிராதீங்க.

கண்டனூர் டிங்கரிங்:
ரெட் ஆக்சைடு இல்லைன்னு அவரே சொல்லிட்டாரு, என் கணக்கு தப்பு. ஆனா இப்ப பிரைமர்னு அதை எடுத்துராதீங்க தம்பி.

நாலு நாள் கழிச்சு,
காரைக்குடி மார்க் 3:
தண்ணி ஊத்தினேன். மூடி ஓரத்துல மூணு இடத்துல உருண்டு நின்னுச்சு, மூணாவது கழுவல்லதான் விரிஞ்சுச்சு. அஞ்சு நிமிஷ இடைவெளியில மூணு கோட். நெடுக ஒரே சுருக்கம். அம்மா விரலால தடவிப் பாத்துட்டு அப்பச்சியோட பர்ஸ் மாதிரி இருக்குன்னாங்க. எல்லாருக்கும் நன்றி.

கோட்டையூர் ஆத்தங்குடி வீடு:
சந்தோஷம் தம்பி. கார்க் கேஸ்கட் புதுசு எங்க கிடைச்சுச்சு?